பேய்க்காற்று

பெருங்காற்றைப் பற்றி எழுதுவோர் பலர். வங்கக் கடலில் எழும் புயலுக்குப் பெயரிட்டு, அது வரும் வழியை நாழிகைக்கு நாழிகை அறிவிக்கின்றனர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அத்தகைய பெருங்காற்றைப் பற்றியன்று. பங்குனி, சித்திரைத் திங்களில், மேகமற்ற நண்பகலில், அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடக்கும் புஞ்சையில், எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் எழுந்து, சருகையும் புழுதியையும் தூண்போலச் சுழற்றிக்கொண்டு சிறிது நேரம் உலவி, பின் வந்த சுவடு தெரியாமல் மறையும் சிறு சூறைக்காற்றே என் பொருள். அதற்குப் பெயரிடுவாரும் இல்லை; அதன் வரவை முன்னர் அறிவிப்பாரும் இல்லை. ஆயினும் அச்சிறு காற்று எங்கள் குடும்பத்தில் முப்பத்தொன்பது ஆண்டுக் காலம் ஒரு பெரும் பழியைச் சுமந்து நின்றது. அப்பழியை அதன் தலையினின்று இறக்க முயன்று யான் செய்த பிழையையும், அப்பிழையினின்று கற்றதனையும் இங்குக் கூற விரும்புகின்றேன்.

எங்கள் சிற்றூர் கோவிற்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில், பெருஞ்சாலையினின்று விலகி உள்ளது. ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையே எங்களுக்குப் பொன்னி. அம்மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் தையிலும் மாசியிலும் களம் வந்து சேரும். அதன்பின் அறுத்த புஞ்சை வெயிலிற் காய்ந்து, சிறுவர் கை நுழையுமளவு பிளந்து கிடக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்துக் காணும் கருத்து. அதனை நூலிற் படிப்பதற்கு முன்னரே ஆண்டுதோறும் எம் கண்ணெதிரே கண்டவர் யாம். பாலைக்கு உரிய பொழுதாக வேனிலையும் நண்பகலையும் தொல்காப்பியனார் வகுத்தார். சூறைக்காற்று எழுவதும் அவ்வேனிலில், அந்நண்பகலிலேயே. சூறை என்னும் சொல்லுக்குச் சுழன்றடிக்கும் காற்று என்பதும் கொள்ளை என்பதும் ஆகிய இருபொருளும் உண்டு. களத்திற் குவித்த பதரையும், கொடியில் உலர்த்திய வேட்டியையும், கூரையின் ஓலையையும் அக்காற்று வாரிச் செல்வதைக் கண்டவர்க்கு அவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றும்.

எங்கள் ஊரார் அதனைப் பேய்க்காற்று என்பர். உச்சிவேளையில் பேய் உலவும் என்பது நாட்டுப்புற வழக்கு. நின்ற இடத்திலிருந்து எழுந்து, கால் இன்றி நடந்து, வழியில் நிற்பாரைச் சுற்றி வளைக்கும் புழுதித்தூணைப் பேய் என்றதில் வியப்பில்லை. இவ்வாறு எண்ணியோர் நம்மவர் மட்டும் அல்லர். ஆங்கில மொழியிலும் அதற்குப் புழுதிப்பேய் என்றே பெயர். அமெரிக்க நாட்டு நவஹோ மக்கள் அதனை இறந்தோரின் ஆவியெனக் கருதினர். வட இந்தியர் பகூலா என்பர். ஆஸ்திரேலிய நாட்டார் வில்லி-வில்லி என்பர். வெயில் காயும் நாடெங்கும் அது நடக்கின்றது; நடக்கும் இடமெங்கும் மாந்தர் அதற்குள் ஓர் உயிரைக் குடியேற்றியுள்ளனர்.

என் தந்தையைப் பெற்ற ஆச்சி அக்காற்றைத் தொலைவில் கண்டாலே செய்யும் வேலையை நிறுத்திவிடுவாள். ஒரு கையால் என்னை இழுத்துத் தன் சேலைக்குள் மறைப்பாள். அது வரும் திசை நோக்கி மும்முறை துப்புவாள். "போ, போ! உனக்கு இங்கே ஒன்றும் இல்லை. நீ கொண்டுபோனது போதும்" என்பாள். 'கொண்டுபோனது' என்பது யாதென்று யான் பத்து வயது நிரம்பும்வரை அறிந்திலேன். பின்னர் என் தந்தையாரே கூறினார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தான். 1936ஆம் ஆண்டுச் சித்திரையில் ஐந்து வயதினனாகிய அச்சிறுவன் களத்தருகே விளையாடிக்கொண்டிருந்தான். சூறை ஒன்று புஞ்சையைக் கடந்து வந்தது. அவன் அஞ்சாமல், கைகளை விரித்துக்கொண்டு, சிரித்தபடியே அதனுள் ஓடினான். தலைமுதற் கால்வரை புழுதி படிந்தவனாய் மறுபுறம் வெளிவந்தான். அன்றிரவு காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் கழுத்து விறைத்து நினைவிழந்தான். நான்காம் நாள் விடியுமுன் இறந்தான். "பேய்க்காற்று என் பிள்ளையை ஒருமுறை அணைத்துவிட்டுப் போயிற்று" என்று ஆச்சி சொன்ன சொல்லே எங்கள் குடும்பத்தில் அச்சாவுக்குக் காரணமாக நிலைத்துவிட்டது.

1974ஆம் ஆண்டு நம் கல்லூரியிற் புகுமுக வகுப்பிற் சேர்ந்தேன். ஒருநாள் பௌதிக ஆசிரியர் சுழலும் முக்காலி ஒன்றில் மாணவன் ஒருவனை அமர்த்தி, இரு கைகளிலும் கனத்த நூல்களைக் கொடுத்து, கைகளை நீட்டச் செய்து மெல்லச் சுழற்றிவிட்டார். பின், "கைகளை மார்போடு அணைத்துக்கொள்" என்றார். அவன் அவ்வாறு செய்தலும் முக்காலி விரைந்து சுழன்றது. வகுப்பறையில் நகையொலி எழுந்தது. கோண உந்தம் மாறாது நிற்பதன் விளைவு இஃது என விளக்கிய ஆசிரியர், "நும் ஊர்ப் புஞ்சைகளில் எழும் சூறைக்காற்றும் இதுவே" என்று ஒரு சொற்றொடரை இடையிற் சொல்லிச் சென்றார். எனக்கோ அவ்வொரு சொற்றொடரே அவ்வாண்டு முழுமைக்கும் பாடமாயிற்று. அன்று மாலையே நூலகம் சென்றேன்.

யான் அன்றும் பின்னாளிலும் கற்றதன் சாரம் இது. காற்று நேரே வெயிலாற் சூடாவது சிறிதே. வெயில் நிலத்தைச் சுடுகின்றது, நிலம் காற்றைச் சுடுகின்றது. ஆள் உயரத்திற் காற்று 38 பாகையாயிருக்கும் நண்பகலில், வறண்ட கருநிலத்தின் மேற்பரப்பு 60 பாகையையும் எட்டக்கூடும். நிலத்தை ஒட்டிய காற்று இங்ஙனம் மிகச் சூடாகி இலேசாக, அதன்மேல் குளிர்ந்த கனத்த காற்று நிற்கின்றது. கனத்தது மேலும் இலேசானது கீழுமாக நிற்கும் இந்நிலை நெடுநேரம் நீடியாது. எங்கேனும் ஓரிடத்தில் சூடான காற்று மேற்போர்வையைக் கிழித்துக்கொண்டு எழும். அது விட்ட இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று நாற்புறமிருந்தும் ஓடிவரும். ஓடிவரும் காற்றில் முன்னரே சிறு சுழற்சி, ஒரு வரப்பையோ புதரையோ சுற்றி வந்த அளவினதாயினும், இருத்தல் கூடும். நடுவை நெருங்க நெருங்க அச்சுழற்சி முக்காலி மாணவனைப் போலவே விரைவு பெறும். நடுவில் அழுத்தம் குறைந்து மேலும் காற்றை உள்ளிழுக்கும். இழுபட்ட காற்று புழுதியை எடுக்க, அதுகாறும் கட்புலனாகாதிருந்தது தூணாகத் தோன்றும்.

இதற்கு மேகம் வேண்டியதில்லை, இடியும் வேண்டியதில்லை. வேண்டுவன தெளிந்த வானம், வறண்ட வெற்றுநிலம், மெல்லிய காற்று ஆகிய மூன்றே. ஆகவேதான் வைகாசிக்குப் பின் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று வலுத்து வீசத் தொடங்கியதும் இச்சூறைகள் அருகிவிடுகின்றன. இக்காலத்துக் கயத்தாற்றின் காற்றாலைகளைச் சுழற்றும் அப்பெருங்காற்று, எழ முயலும் சிறு சூறையை உருப்பெறவொட்டாமற் சிதைத்துவிடுகின்றது. வங்கக் கடற் புயல்கள் யாவும் பூமியின் சுழற்சிக்குக் கட்டுப்பட்டு இடஞ்சுழியாகவே சுழல்வன. சூறையோ இடமாகவும் சுழலும், வலமாகவும் சுழலும். பூமியின் சுழற்சி அதனைக் கட்டுப்படுத்தும் அளவு அது பெரிதும் அன்று, நீடிப்பதும் அன்று. பெரும்பாலானவை சில நிமிடங்களே வாழும். உயரம் பொதுவாகச் சில மீட்டர் முதற் சில பத்து மீட்டர் அளவினது. பரந்த பாலைநிலங்களில் 1000 மீட்டரைக் கடப்பதும் உண்டு. புழுதித்தூண் முடியும் இடத்தில் எழுகாற்று முடிந்துவிடுவதில்லை. அதற்கு மேலே சிறகசையாமல் வட்டமிடும் பருந்து அவ்வெழுகாற்றின் மீதே மிதக்கின்றது.

நூலகத்தில் இரு செய்திகள் என்னைக் கவர்ந்தன. 1755ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் மேரிலாந்து நாட்டில் தம் மகனோடும் நண்பரோடும் குதிரைமேற் சென்றபோது இத்தகைய சூறை ஒன்றைக் கண்டார். மற்றையோர் நின்று நோக்க, அவர் அதன் பின்னே குதிரையைச் செலுத்தித் தம் சாட்டையால் அதனைப் பன்முறை அடித்துப் பார்த்தார், அது கலையவில்லை. காட்டினுட் புகுந்து மரக்கிளைகள் முறிந்து விழத் தொடங்கியபின்னரே அவர் நின்றார். மகன் மேலும் தொடர்ந்து சென்றான். பழைய புகையிலைக் கொல்லை ஒன்றில் எடுத்தற்குத் தூசும் சருகும் இன்மையால் அச்சூறை கீழிருந்து சிறிது சிறிதாகக் கண்ணுக்குப் புலனாகாமற் போயிற்றாம். மற்றொருவர் நம் நாட்டில் மருத்துவராயிருந்த பேட்லி என்பார். லாகூர்ப் பக்கத்துச் சூறைகளையும் புழுதிப்புயல்களையும் ஆராய்ந்து, அவற்றில் மின்னாற்றல் உண்டென்று கண்டு, 1860இல் இந்தியச் சூறைகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். புழுதித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுங்கால் சிறியன எதிர்மின்னையும் பெரியன நேர்மின்னையும் ஏற்கின்றன என்பது பின்வந்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

இத்துணையும் கற்ற செருக்கோடு 1975ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊர் சென்றேன். ஆச்சி முற்றத்தில் அமர்ந்து முறத்திற் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். யான் அடுப்பின்மேல் ஒரு பிடி சாம்பலைத் தூவி அது மேலெழுவதைக் காட்டினேன். நிலம், வெயில், காற்று என ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் குறுக்கிடாமற் கேட்டாள். முடிவில், "அப்படியென்றால் அதற்குள்ளே யாருமே இல்லையா, ஐயா?" என்றாள்.

"யாருமில்லை, ஆச்சி. வெறுங்காற்று."

முறம் அவள் மடியில் அசைவின்றிக் கிடந்தது. "யாருமில்லை என்றால், என் பிள்ளையைக் கொண்டுபோனது யார்? நான்தானா?" என்றாள். என் விடையை எதிர்பாராமல் எழுந்து வீட்டினுட் சென்றுவிட்டாள்.

யான் வெற்றி கொண்டதாக எண்ணிய இடத்தில் தலைகுனிந்து நின்றேன். மூடநம்பிக்கை ஒன்றைக் களைந்தேன் என்று கருதியிருந்தேன்; அந்நம்பிக்கை எதனைத் தாங்கி நின்றது என்று யான் கேட்டதே இல்லை. கூரைக்கு முட்டுக்கொடுத்த தடி மடமை என்று கண்டேன். அதனை உருவினால் யார் தலைமேற் கூரை விழும் என்று கண்டிலேன்.

நான்கைந்து நாள் ஆச்சி என்னோடு மிகுதியாகப் பேசவில்லை. பின்னர் ஓரிரவு, காற்றாட முற்றத்திற் படுத்திருந்தபோது, எவரையும் நோக்காமற் பேசத் தொடங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் தாத்தா பருத்தி ஏற்றிக்கொண்டு சாத்தூர் சென்றிருந்தார்; வீட்டில் வண்டி இல்லை. மருத்துவர் இருந்த இடமோ எட்டு மைல். பக்கத்து வீட்டில் வண்டியும் மாடும் நின்றன. ஆனால் வரப்புத் தகராறு ஒன்றால் அவ்வீட்டாரோடு பேச்சு நின்று ஓராண்டாகியிருந்தது. "வாய் திறந்து கேட்டிருந்தால் அவர்கள் கொடுத்திருப்பார்கள். விடிந்தால் உன் தாத்தா வந்துவிடுவார் என்று நான் வீம்பாக இருந்துவிட்டேன். விடிந்தும் அவர் வரவில்லை" என்றாள். சிறிது நேரம் கழித்து, "இதை நான் உன் தாத்தாவிடம்கூடச் சொன்னதில்லை" என்றாள். இதனைக் கேட்டபோதே அக்காற்று எத்துணைக் காலம் எவர் பாரத்தைச் சுமந்தது என்பது எனக்கு விளங்கியது. அன்று யான் ஒரு சொல்லும் கூறவில்லை; கூறத்தக்க சொல் என்னிடம் இருந்ததுமில்லை.

கல்லூரிக்கு மீண்டபின் அக்கேள்வி என்னை விடவில்லை. மறு ஆண்டில் முதிய மருத்துவர் ஒருவரைக் கண்டு, பிள்ளைக்கு நேர்ந்த நோயின் குறிகளை ஆச்சி சொன்னவாறே எடுத்துரைத்தேன். அவர் பொறுமையோடு கேட்டார். நோயைக் காணாமல் இன்னதென்று உறுதி கூறலாகாது என்று முதலிற் சொன்னார். பின்னர், காய்ச்சலோடு கழுத்து விறைத்து நினைவிழத்தல் பெரும்பாலும் மூளையுறை அழற்சியின் குறி என்றார். அது கிருமியால் வந்த கொடிய வகையாயின், 1936இல் அதனைத் தீர்க்கத்தக்க மருந்து நம் சிற்றூர்ப் பக்கத்து மருத்துவமனை எதிலும் இருந்ததில்லை. சல்பா மருந்துகள் அப்போதுதான் மேனாட்டில் வழக்கத்திற்கு வரத் தொடங்கின. பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு எட்டியது 1940களின் பிற்பகுதியில் என விளக்கினார். "வண்டி நேரத்தில் வந்திருந்தாலும் அக்குழந்தை பிழைத்திருக்குமென்று நான் சொல்லமாட்டேன். உன் ஆச்சியிடம் இதனைச் சொல்" என்றார்.

அவ்விடுமுறையில் ஆச்சியின் அருகில் அமர்ந்து, அடுப்பும் சாம்பலும் இன்றி, மருத்துவர் கூறியதனை ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமற் சொன்னேன். அவள் நெடுநேரம் வாளாவிருந்தாள்.

"அந்த வீட்டு வண்டியைக் கேட்டு வாங்கியிருந்தாலுமா, ஐயா?"

"வாங்கியிருந்தாலும், ஆச்சி."

அவள் அழவில்லை. மறுநாட் காலையில் ஒரு படி புதுக் கம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டிற்குச் சென்றாள். அவ்வீட்டு மூதாட்டியும் அப்போது உயிரோடிருந்தார். இருவரும் என்ன பேசினர் என்பதை யான் அறியேன். உச்சிப்பொழுது சாய்ந்தபின்னரே ஆச்சி திரும்பினாள். அச்சித்திரையிலேயே ஒரு நாள் யானும் அவளும் புஞ்சை வழியே வருகையில் தொலைவில் ஒரு சூறை எழுந்தது. வழக்கம்போல் என் கையைப் பற்றினாள், ஆனால் துப்பவில்லை. அது புஞ்சையைக் கடந்து, கற்பாங்கான மேட்டு நிலத்தை அடைந்து, புழுதி கிட்டாமல் மறையுமளவும் நின்று பார்த்தாள்.

ஆச்சி 1985ஆம் ஆண்டில் இறந்தாள். அதற்குப் பின் வெளியான செய்திகள் சிலவற்றைப் படிக்குந்தோறும் அவளை நினைக்கின்றேன். செவ்வாய்க் கோளிலும் சூறைகள் உலவுகின்றன. அங்குச் சென்ற ஸ்பிரிட் என்னும் ஊர்தியின் சூரியத் தகடுகளில் படிந்திருந்த தூசை 2005ஆம் ஆண்டிற் காற்று துடைத்துச் சென்றமையால் அதற்கு மீண்டும் மின்வலிமை மிகுந்தது. 2012இல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரமுள்ள சூறை ஒன்று அக்கோளைச் சுற்றிவரும் கலத்தின் கண்ணிற் பட்டது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெர்செவரன்ஸ் என்னும் ஊர்தியின் மீதே ஒரு சூறை ஏறிச் சென்றது. அதன் ஒலியையும், துகள்கள் வந்து மோதும் ஓசையையும் அவ்வூர்தியின் ஒலிவாங்கி பதிவு செய்தது. மாந்தர் ஒருவரும் வாழ்ந்திராத, ஆகவே இறந்தோர் ஒருவரும் இல்லாத அவ்வுலகிலும் பேய்க்காற்று நடக்கின்றது. இதனை ஆச்சியிடம் சொல்லியிருந்தால், "அங்கே அதற்கு யார்மேல் பழி போடுவார்கள், ஐயா?" என்று கேட்டிருப்பாள் என எண்ணுகின்றேன்.

இளைய நண்பர்களே! நீவிர் இக்கல்லூரியிற் கற்கும் கல்வி நும் வீட்டு முற்றத்தில் என்றேனும் ஒருநாள் சென்று அமரும். அங்கே முதியோர் ஒருவர் அறிவுக்கு ஒவ்வாதது ஒன்றைக் கூறக் கேட்பீர்கள். அதனை மறுக்கும் விடை நும்மிடம் இருக்கும். அவ்விடை உண்மையாகவும் இருக்கும். யான் அடுப்பின்மேற் சாம்பல் தூவிக் கூறியதும் உண்மையே. மருத்துவர் சொற்கேட்டுக் கூறியதும் உண்மையே. முன்னது அவள் கேளாத கேள்விக்கு விடை; பின்னது அவள் நாற்பதாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை. இவ்விரண்டிற்கும் இடையே எனக்கு ஓராண்டும், அவளுக்குப் பல இரவின் உறக்கமும் சென்றன. பிராங்கிளின் சாட்டையால் அடித்தும் கலையாத சூறை, எடுக்கப் புழுதி இல்லாத இடத்தில் தானே கண்ணினின்று மறைந்தது. ஆச்சியின் மனத்தில் சுழன்ற காற்றும் அத்தகையதே. அதனை அடிக்கச் சென்ற யான், அது எடுத்துச் சுழற்றும் புழுதி யாதென்று முதலிற் கேட்டிருத்தல் வேண்டும்.